காய்ச்சல் விட்ட பிறகுதான் டெங்குவின் ஆட்டம்

டெங்கு வந்த வீடுகளில் வழக்கமாக நடப்பது இதுதான். மூன்று நாள் காய்ச்சல் கொளுத்துகிறது, தெர்மாமீட்டர் 103, 104 என்று காட்டுகிறது, கண்ணுக்குப் பின்னால் குடைச்சல், கை கால் மூட்டெல்லாம் பிய்த்தெடுக்கும் வலி, வீட்டில் ஒருத்தருக்கும் தூக்கமில்லை. நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ உடம்பு சில்லென்று ஆகிறது. "அப்பாடா, ஜுரம் விட்டுடுச்சு" என்று எல்லாரும் மூச்சு விடுகிறார்கள். பிள்ளை ஒன்றும் சாப்பிடாமல் சுருண்டு படுத்திருந்தாலும், மூன்று நாள் அசதி, தூங்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். டெங்கு தீவிரமாகிறவர்களில் பெரும்பாலானோருக்கு அது தொடங்குவது இந்த நேரத்தில்தான். காய்ச்சல் இறங்குவதை ஒட்டிய 24 முதல் 48 மணி நேரத்துக்கு மருத்துவர்கள் நெருக்கடிக் கட்டம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. காய்ச்சல் விடுகிற அந்த நேரத்தில் ரத்தத்தில் வைரஸ் வேகமாகக் குறைந்துகொண்டிருக்கும். வைரஸ்தான் நோய் என்றால் வைரஸ் ஏறும்போது நோயும் ஏற வேண்டும், இறங்கும்போது இறங்க வேண்டும், இல்லையா? டெங்குவில் வைரஸ் உச்சத்தில் இருக்கும் முதல் மூன்று நாட்களில் அவஸ்தை அதிகம், உயிருக்கு ஆபத்து குறைவு. வைரஸ் இறங்கும்போது அவஸ்தை குறைகிறது, ஆபத்து ஏறுகிறது. இந்த முரணைப் புரிந்துகொண்டால் டெங்குவை மட்டுமல்ல, வைரஸ்கள் பொதுவாக நம்மை எப்படி நோயாளி ஆக்குகின்றன என்பதையும் பாதிக்கு மேல் புரிந்துகொண்டுவிடலாம்.

பள்ளிக்கூடத்தில் படித்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். வைரஸ் செல்லுக்குள் புகும், பெருகும், செல்லை உடைத்துக்கொண்டு வெளியே வரும், செல் சாகும், அதனால் நோய். பொய்யில்லை. போலியோ கிட்டத்தட்ட இப்படித்தான் வேலை செய்கிறது. தண்டுவடத்தின் முன்பக்கம் இருக்கும், தசைகளை இயக்குகிற நரம்புச் செல்களை அந்த வைரஸ் நேரடியாகக் கொல்கிறது. செத்த நரம்புச் செல் திரும்ப முளைப்பதில்லை, அதனால்தான் அந்தக் கால் கடைசிவரை சூம்பியே இருந்துவிடுகிறது. ஆனால் அந்த போலியோவிலேயே கூட, தொற்று ஏற்பட்ட 100 பேரில் ஒருவருக்கும் குறைவாகத்தான் பக்கவாதம் வருகிறது. மீதிப் பேருக்கு அது குடலோடு வந்து குடலோடு போய்விடும், வந்ததே பலருக்குத் தெரியாது.

இன்னொரு ஓரத்தில் ஹெபடைடிஸ் பி இருக்கிறது. இது ஈரல் செல்லுக்குள் குடியேறிப் பெருகிக்கொண்டே இருக்கும், ஆனால் அந்தச் செல்லைத் தானாகப் பெரிதாக ஒன்றும் செய்யாது. அப்படியானால் மஞ்சள் காமாலை எங்கிருந்து வருகிறது? வைரஸ் இருக்கும் ஈரல் செல்களை அடையாளம் கண்டு கொல்கிற, நம்முடைய எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்களால் வருகிறது. இதற்குச் சாட்சி குழந்தைகள். பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றிக்கொண்ட குழந்தைகளில் 10ல் 9 பேருக்கு வைரஸ் நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது, காரணம் அந்த வயதில் எதிர்ப்பு மண்டலம் அதை அந்நியமாகவே கருதுவதில்லை. பல வருஷங்களுக்கு அந்தக் குழந்தைக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. பெரியவர்களுக்குத் தொற்றினால் 100ல் 95 பேர் வைரஸை ஒழித்துவிடுகிறார்கள், ஆனால் கண் மஞ்சளாகி, வாந்தி எடுத்து, வாரக்கணக்கில் படுத்துக் கிடப்பது இவர்களில் பலர்தான். வைரஸை விரட்டியதற்குக் கொடுத்த விலையைத்தான் நாம் நோய் என்கிறோம். விரட்ட முடியாதவர்களுக்கு முப்பது நாற்பது வருஷம் அரைகுறைச் சண்டையாக ஓடி, ஈரல் சுருக்கத்திலும் புற்றுநோயிலும் கொண்டுபோய் விடலாம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடச் சொல்வது இதனால்தான்.

வெறிநாய்க்கடி வைரஸ் இந்த இரண்டிலும் சேராது. இறந்தவரின் மூளையை எடுத்துப் பார்த்தால் பல நேரங்களில் நரம்புச் செல்கள் பெரிய அழிவில்லாமல் உயிரோடு இருந்த தோற்றத்திலேயே இருக்கும், வேலை மட்டும் நின்று போயிருக்கும். கோவிட் வேறு கதை. 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு, எதிர்ப்பு சக்தியை மட்டுப்படுத்துகிற டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்று காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதே மருந்தால் ஒரு பலனும் இல்லை. எதிர்ப்பு சக்தியைக் குறைத்து உயிர் பிழைத்தார்கள் என்றால், அந்தக் கட்டத்தில் நுரையீரலைக் கெடுத்துக்கொண்டிருந்தது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, டெங்குவுக்கு வருவோம்.

இந்த வைரஸின் குறுக்களவு சுமார் 50 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் 20,000 வைரஸ்களை வரிசையாக நிறுத்தலாம். உள்ளே இருப்பது ஏறக்குறைய 11,000 எழுத்துள்ள ஒரே ஒரு ஆர்என்ஏ இழை, அதில் எழுதியிருப்பது பத்தே பத்துப் புரதங்களுக்கான செய்முறை. மூன்று புரதங்கள் வைரஸின் உடம்பாகின்றன, மற்ற ஏழும் செல்லுக்குள் வேலை பார்ப்பதற்கு. அவ்வளவுதான் மொத்தச் சொத்து. ஒரு மனிதனைப் படுக்கவைக்க இது போதுமா என்றால், மனித உடம்பு ஒத்துழைத்தால் தாராளமாகப் போதும்.

ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது எல்லாருக்கும் தெரியும். நோயாளியின் ரத்தத்தைக் குடித்த கொசு அடுத்த நிமிஷமே பரப்பிவிடாது. வைரஸ் அதன் வயிற்றிலிருந்து எச்சில் சுரப்பிக்குப் போய்ச் சேர எட்டு முதல் பன்னிரண்டு நாள் ஆகும். அதன்பிறகு அந்தக் கொசு சாகும்வரை ஆபத்தானதுதான். அது நம்மைக் கடிக்கும்போது எச்சிலோடு வைரஸ் தோலுக்குள் இறங்குகிறது. தோலில் டென்ட்ரைட்டிக் செல்கள் என்று ஒரு வகை இருக்கின்றன. வெளியிலிருந்து வருகிற எதையும் பிடித்து, பக்கத்து நெறிகட்டும் இடங்களுக்கு, அதாவது நிணநீர்க்கணுக்களுக்கு எடுத்துப்போய், "இது வந்திருக்கிறது, பார்" என்று காட்டுவதுதான் அவற்றின் வேலை. டெங்கு வைரஸ் முதலில் தொற்றுவதே இந்தச் செல்களைத்தான். காட்டிக்கொடுக்க எடுத்துப்போகிற செல்லுக்குள்ளேயே உட்கார்ந்து நிணநீர்க்கணுவுக்குப் பயணம் போய், அங்கே கூட்டமாக இருக்கும், கிருமிகளை விழுங்குகிற மோனோசைட், மேக்ரோபேஜ் செல்களில் பரவுகிறது. ஆக டெங்கு முக்கியமாகக் குடியிருப்பது நம் எதிர்ப்பு மண்டலத்தின் செல்களுக்குள்தான். பின்னால் நடக்கிற பல விஷயங்களுக்கு இதுதான் அடிப்படை.

செல் வைரஸை ஒரு சிறு பைக்குள் வைத்து விழுங்குகிறது. உள்ளே வந்ததைச் செரிப்பதற்காக அந்தப் பைக்குள் அமிலத்தை ஏற்றுகிறது. அமிலம் ஏறியதும் வைரஸின் மேலுறையில் இருக்கும் புரதம் உருமாறி, பையின் சவ்வோடு ஒட்டி, உள்ளிருக்கும் ஆர்என்ஏவைச் செல்லுக்குள் இறக்கிவிடுகிறது. கொல்வதற்காக ஊற்றிய அமிலம்தான் வைரஸுக்குத் திறக்கும் சைகை. அப்புறம் செல்லில் புரதம் செய்கிற ரைபோசோம்கள் அந்த ஆர்என்ஏவைத் தங்களுடையது என்று நினைத்துப் படித்து, நீளமாக ஒரே புரதத்தைச் செய்து தருகின்றன, அது பத்தாக வெட்டப்படுகிறது. என்எஸ்5 என்ற புரதம் ஆர்என்ஏவை நகலெடுக்கிறது, கூடவே இன்னொரு வேலையும் செய்கிறது: வைரஸ் வந்ததும் செல்கள் வெளியிடுகிற இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைச் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் ஸ்டாட்2 என்ற புரதத்தை அழித்துவிடுகிறது. வைரஸின் வெட்டும் நொதியோ ஸ்டிங் என்ற எச்சரிக்கைப் புரதத்தை நறுக்கிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால் இந்த இரண்டு தந்திரமும் மனிதப் புரதத்தில் பலிக்கும், எலியின் புரதத்தில் பலிக்காது. சாதாரண ஆய்வக எலிக்கு டெங்கு சரியாக வராது, எதிர்ப்பு சக்தியை முடக்கி வளர்த்த எலிகளை வைத்துத்தான் ஆராய வேண்டியிருக்கிறது. மருந்தும் தடுப்பூசியும் இவ்வளவு தாமதமானதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடித்து நாலிலிருந்து பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வருகிறது. அந்தச் சூடு வைரஸ் கொண்டுவந்த சூடு அல்ல. தொற்றிய செல்களும் பக்கத்துச் செல்களும் வெளியிடுகிற இன்டர்ஃபெரான், இன்டர்லூக்கின் போன்ற, சைட்டோகைன்கள் எனப்படும் பொருட்கள் மூளையின் ஹைப்போதாலமஸ் பகுதியில் புரோஸ்டாகிளான்டின் சுரக்க வைக்கின்றன, அது உடம்பின் வெப்ப அளவை உயர்த்தி வைக்கிறது. உயர்த்தி வைத்த அளவை எட்டுவதற்காகத்தான் நடுங்கிச் சூடேற்றிக்கொள்கிறோம், 103 டிகிரியிலும் போர்வை கேட்கிறோம். பாராசிட்டமால் அந்த புரோஸ்டாகிளான்டினைக் குறைக்கிறது, அதனால் சூடு இறங்குகிறது, வைரஸுக்கு அதனால் ஒரு கேடும் இல்லை. உடம்பு வலி, பசியின்மை, எழுந்திருக்கவே பிடிக்காத சோர்வு, இவையும் பெரும்பாலும் நம்முடைய அதே பொருட்கள் செய்கிற வேலைதான். இந்த வலிக்கு மெடிக்கலில் கேட்டு ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் என்று வாங்கிப் போடக்கூடாது. அவை வயிற்றில் ரத்தக்கசிவைத் தூண்டும், ஏற்கெனவே குறைந்துகொண்டிருக்கும் தட்டணுக்களின், அதாவது பிளேட்லெட்டுகளின் வேலையையும் கெடுக்கும்.

மூன்றாம் நாள், நாலாம் நாள் வாக்கில் இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடக்கின்றன. டி செல்கள் பெருகி, தொற்றிய செல்களைத் தேடித் தீர்க்க ஆரம்பிக்கின்றன, செல்கள் கொத்துக்கொத்தாகச் சாகும்போது இன்னும் அதிகமாகச் சைட்டோகைன்கள் வெளியாகின்றன. இன்னொரு பக்கம், அதுவரை தொற்றிய செல்கள் ரத்தத்தில் கொட்டிவைத்த என்எஸ்1 புரதம் நிறைய மிதந்துகொண்டிருக்கிறது. டெங்கு டெஸ்ட் எடுக்கும்போது "என்எஸ்1 பாசிட்டிவ்" என்று ரிப்போர்ட் வருகிறதே, அதே என்எஸ்1. பல காலமாக அதை நோயைக் கண்டுபிடிக்க உதவும் ஓர் அடையாளமாக மட்டுமே பார்த்து வந்தார்கள். 2015ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் அது தானே ஒரு நச்சுபோல வேலை செய்வதைக் காட்டின. வைரஸே இல்லாமல் வெறும் என்எஸ்1ஐ மட்டும் எலிகளுக்குச் செலுத்தியபோதும் ரத்தக்குழாய்களில் கசிவு ஏற்பட்டது.

கசிவு என்பதுதான் டெங்குவின் மையம். ரத்தக்குழாயின் உள்சுவரில் சர்க்கரைச் சங்கிலிகளாலான ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. குழாய்க்குள்ளிருக்கும் நீரையும் புரதத்தையும் வெளியே போகாமல் பிடித்து வைப்பதில் அதற்குப் பெரிய பங்கு. என்எஸ்1 அந்தப் பூச்சைக் கரைக்கும் நொதிகளைத் தூண்டிவிடுகிறது, சைட்டோகைன்கள் சுவர்ச் செல்களுக்கு இடையிலான பிணைப்பைத் தளர்த்துகின்றன. விளைவு, மண்பானையில் நீர் கசிவதைப்போல, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா குழாய்க்கு வெளியே கசிகிறது. சிவப்பணுக்கள் பெரியவை, அவை உள்ளேயே நின்றுவிடுகின்றன. கசிந்த நீர் நெஞ்சுக்கூட்டுக்குள் நுரையீரலைச் சுற்றியும், வயிற்றுக்குள்ளும் போய்ச் சேர்கிறது. ஸ்கேன் எடுத்தால் பித்தப்பையின் சுவர் வீங்கித் தெரியும். இந்த நேரத்து வயிற்றுவலிக்கும் விடாத வாந்திக்கும் பின்னால் பெரும்பாலும் இந்தக் கசிவு இருக்கும்.

நீர் வெளியே போய்ச் சிவப்பணு உள்ளே தங்கினால் ரத்தம் கெட்டியாகிறது. லேப் ரிப்போர்ட்டில் பிசிவி என்றோ ஹெமட்டோக்ரிட் என்றோ ஒரு வரி இருக்கும், ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்று சொல்வது. முதல் நாள் 40 இருந்தது நாலாம் நாள் 48 ஆனால், அது 20 சதவீத உயர்வு, கசிவு நடக்கிறது என்று அர்த்தம். ஆனால் நம் வீடுகளில் அந்த வரியை யார் பார்க்கிறார்கள்? "கவுண்ட் எவ்வளவு?", அதாவது பிளேட்லெட் எண்ணிக்கை எவ்வளவு என்பதுதான் ஒரே கேள்வி.

கசிவு கூடக்கூட ரத்த அழுத்தத்தில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஏமாற்றுவது இங்கேதான். குழாய்க்குள் நீர் குறைந்ததும் உடம்பு கை கால் குழாய்களைச் சுருக்கி, இருக்கிற ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடுகிறது. அதனால் மேல் அழுத்தம் பெரிதாக இறங்காது, கீழ் அழுத்தம் ஏறும். 110க்கு 70 இருந்தவருக்கு 100க்கு 80 ஆகும். மேலோட்டமாகப் பார்க்கிறவர் "பிபி நார்மல்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் 20 அல்லது அதற்குக் கீழே வந்துவிட்டது என்றால் அது அதிர்ச்சி நிலை, ஷாக். உள்ளங்கையும் பாதமும் ஜில்லென்று ஈரமாக இருக்கும், நாடி வேகமாகவும் பலவீனமாகவும் ஓடும், சிறுநீர் பல மணி நேரமாகப் போயிருக்காது. அத்தனைக்கும் நடுவில் பிள்ளை கேட்ட கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். பேசுகிறானே, தெளிவாத்தானே இருக்கான் என்று அந்த நேரத்தில் நம்புவது பெரிய ஆபத்து. காப்பாற்றிக்கொள்ளும் இந்த ஏற்பாடு தளர்ந்து மேல் அழுத்தமும் விழுந்துவிட்டால், அதன்பிறகு மீட்பது மிகவும் கடினம்.

இவ்வளவு பயங்கரத்துக்கு நடுவில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. ரத்தக்குழாய்ச் செல்கள் பெரிய அளவில் சாவதில்லை. இறந்தவர்களின் உடலைப் பரிசோதித்தவர்களுக்குக் கூட, கசிவின் அளவுக்குப் பொருத்தமான அழிவு குழாய்ச் சுவரில் கிடைக்கவில்லை. பூச்சும் பிணைப்பும் ஒன்றிரண்டு நாளில் தானாகச் சரியாகிவிடுகின்றன. ஆகவே மருத்துவம் செய்ய வேண்டியது அந்த ஒன்றிரண்டு நாளுக்கு ரத்தக்குழாயில் நீரைச் சரியான அளவில் தாக்குப்பிடிக்க வைப்பது. கவனிக்காமல் விட்டால் தீவிர டெங்குவில் இறப்பு 20 சதவீதம் வரை போகலாம், சரியாகக் கவனித்தால் ஒரு சதவீதத்துக்கும் கீழே. விலை உயர்ந்த ஊசி எதுவும் இதில் கிடையாது. மணிக்கு மணி நாடி, பிபி, சிறுநீர் அளவு, சில மணி நேரத்துக்கு ஒருமுறை பிசிவி, அதற்குத் தகுந்தாற்போல் ஏற்றி இறக்குகிற டிரிப்ஸ். பொறுமையான வேலை, பார்க்க சாதாரணமாக இருக்கும்.

சரியான அளவு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கசிவு நின்றதும் வெளியே போன நீரெல்லாம் திரும்பக் குழாய்க்குள் வருகிறது. அந்த நேரத்திலும் பழைய வேகத்திலேயே டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். பசி எடுக்கிறது, சிறுநீர் நன்றாகப் போகிறது, சிவந்த தோலில் திட்டுத்திட்டாக வெள்ளையும் உள்ளங்கையில் அரிப்பும் தெரிகிறது என்றால் உடம்பு திரும்பிவிட்டது, பாட்டிலைக் கழற்றலாம். "இன்னொரு பாட்டில் ஏத்துங்க டாக்டர், தெம்பா இருக்கும்" என்று கேட்கிற பழக்கம் நமக்கு இருக்கிறது, டெங்குவில் அது உதவாது.

இப்போது பிளேட்லெட். டெங்குவில் அது இறங்குவது உண்மை. எலும்பு மஜ்ஜையில் உற்பத்தி சில நாள் மந்தமாகிறது, ரத்தத்தில் இருப்பவையும் வேகமாக அழிகின்றன. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது 40,000, 20,000 என்று விழுந்தால் யாருக்கும் பதற்றமாகத்தான் இருக்கும், வாட்ஸாப்பில் "பிளேட்லெட் டோனர் அவசரம்" என்று சுற்றறிக்கை பறக்கும். ஆனால் ஷாக்குக்குக் காரணம் கசிவு, அதைப் பிளேட்லெட் ஏற்றி அடைக்க முடியாது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஐந்து மருத்துவமனைகளில் நடத்தி 2017ல் வெளியான ஓர் ஆய்வில், 20,000க்கும் குறைவாகப் போயிருந்த, ஆனால் ரத்தக்கசிவு இல்லாத பெரியவர்களுக்கு முன்கூட்டியே பிளேட்லெட் ஏற்றிப் பார்த்தார்கள். ஏற்றியவர்களுக்கு ரத்தக்கசிவு குறையவில்லை, பக்கவிளைவுகள்தான் கூடின. உண்மையில் ரத்தம் கசிந்தால் ஏற்றுவது வேறு விஷயம், அதை மருத்துவர் முடிவு செய்வார்.

பப்பாளி இலைச் சாறு பற்றிக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள் என்பதால் ஒரு வார்த்தை. ஆறாம் ஏழாம் நாளுக்கு மேல் பிளேட்லெட் எப்படியும் தானாக ஏறும். முந்தின நாள் என்ன குடித்தோமோ அதற்கு அந்தப் பெருமை போய்ச் சேரும், அது பப்பாளி இலையாக இருக்கலாம், கிவிப் பழமாக இருக்கலாம். குடிக்கிறவர் குடிக்கட்டும், ஆனால் வாந்தி நிற்காத பிள்ளைக்கு அந்தக் கசப்பைப் புகட்டிக்கொண்டு, வீட்டிலேயே ஒரு நாளைக் கழிப்பதுதான் எனக்குக் கோபம் வரவைக்கிறது.

இதெல்லாம் எல்லாருக்கும் நடப்பதில்லை. 2013ல் வெளியான ஒரு பெரிய கணக்கீட்டின்படி உலகில் ஆண்டுக்கு ஏறக்குறைய 39 கோடிப் பேருக்கு டெங்கு தொற்றுகிறது, அவர்களில் சுமார் 9.6 கோடிப் பேருக்குத்தான் நோய் என்று சொல்லும் அளவுக்கு அறிகுறி வருகிறது. அதிலும் சிறு பங்குதான் தீவிரமாகிறது. யாருக்கு, ஏன் என்ற கேள்விக்குக் கிடைத்த பதிலில்தான் டெங்கு மற்ற பல வைரஸ்களிலிருந்து பிரிகிறது.

டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு, டென்-1 முதல் டென்-4 வரை. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு எதிராக ஏறக்குறைய ஆயுள் முழுக்கப் பாதுகாப்பு, மற்ற மூன்றுக்கு எதிராகச் சில மாதப் பாதுகாப்பு மட்டும். சாதாரணக் கணக்குப்படி இரண்டாவது முறை வருவது லேசாக இருக்க வேண்டும், பழகிய உடம்பு அல்லவா. 1960களில் தாய்லாந்தில் வேலை பார்த்த ஸ்காட் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க மருத்துவர் கண்டது நேர்மாறாக இருந்தது. தீவிர டெங்குவோடு பாங்காக் மருத்துவமனைகளுக்கு வந்த குழந்தைகளில் பெரும்பாலானோருக்கு அது இரண்டாவது தொற்று. ஒரு வயதுக்கு உட்பட்ட கைக்குழந்தைகளோ முதல் தொற்றிலேயே தீவிரமானார்கள். அந்தக் குழந்தைகளுக்கு முந்தைய தொற்று எதுவும் கிடையாது, ஆனால் தாயிடமிருந்து வந்த டெங்கு ஆன்டிபாடி, அதாவது கிருமியின் மேல் ஒட்டி அதை முடக்குகிற புரதம், இருந்தது. பிறந்த சில மாதங்களுக்கு அது நிறைய இருந்து காப்பாற்றுகிறது, ஆறு மாதத்துக்கு மேல் பாதி கரைந்து காப்பாற்றும் அளவுக்குப் போதாமல், ஆனால் முழுக்கவும் போகாமல் நிற்கிறது. அப்போது டெங்கு வந்தால்தான் ஆபத்து. ஆக, குற்றவாளி ஆன்டிபாடியேவா?

ஒரு விதத்தில் ஆமாம். டென்-1க்கு எதிராக உருவான ஆன்டிபாடி டென்-2ன் மேல் ஒட்டும், ஆனால் அதைச் செயலிழக்கச் செய்யும் அளவுக்குச் சரியாகப் பொருந்தாது. ஆன்டிபாடியின் இன்னொரு முனையைப் பிடித்து இழுத்து விழுங்கும் கொக்கிகள் மோனோசைட், மேக்ரோபேஜ் செல்களில் இருக்கின்றன, ஆன்டிபாடி ஒட்டிய கிருமியைத் தின்று தீர்ப்பதற்காக இயற்கை வைத்த ஏற்பாடு அது. டெங்கு வைரஸ் போக விரும்புவதே அந்தச் செல்லுக்குள்தான் என்று முன்பே பார்த்தோம். அரைகுறை ஆன்டிபாடி அதைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப்போய் விடுகிறது. அதிகச் செல்கள் தொற்றுகின்றன, அதிக வைரஸ், அதிக என்எஸ்1, அதைத் தீர்க்க அதிகச் சைட்டோகைன், கடைசியில் அதிகக் கசிவு.

இதை நிரூபித்த நாடு என்று கியூபாவைச் சொல்லலாம், தெரிந்து செய்ததல்ல, நடந்துபோனது. பல பத்தாண்டுகளாக டெங்கு இல்லாதிருந்த அந்தத் தீவில் 1977ல் டென்-1 பரவியது. தொல்லை கொடுத்துவிட்டுப் போனது, அவ்வளவுதான். 1981ல் டென்-2 வந்தது. 3,44,000க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய், 10,000க்கும் மேல் தீவிரம், 158 பேர் இறந்தார்கள், அதில் 101 பேர் குழந்தைகள். டென்-1 பரவல் முடிந்தபிறகு பிறந்த ஒன்றிரண்டு வயதுக் குழந்தைகளிடையே தீவிர நோய் மிக அரிதாகத்தான் இருந்தது, அவர்கள் டென்-1ஐப் பார்த்ததே இல்லை. 1997ல் சாண்டியாகோ நகரில் மறுபடி டென்-2 வந்தபோது தீவிரமாகப் பாதிக்கப்பட்டவர்கள் பெரியவர்கள், இருபது வருஷத்துக்கு முன்னால் டென்-1 கண்டவர்கள். இருபது வருஷம் கழித்தும் அந்தப் பழைய ஆன்டிபாடி வேலையைக் காட்டியது. நமக்குப் பக்கத்தில், இலங்கையில் 2017ல் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு வந்தபோதும், பல வருஷமாக டென்-1 சுற்றிக்கொண்டிருந்த இடத்தில் டென்-2 திரும்ப வந்ததுதான் பின்னணி.

இதை வைத்து, ஒருமுறை வந்தவர்கள் அடுத்த முறை பிழைப்பதே கஷ்டம் என்று பயப்பட வேண்டியதில்லை. இரண்டாவது தொற்றிலும் பெரும்பாலானவர்கள் தீவிரமாகாமல் தேறிவிடுகிறார்கள். நிகரகுவாவில் பல வருஷம் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2017ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, ஆன்டிபாடி நிறைய இருந்தால் பாதுகாப்பு, இல்லவே இல்லையென்றால் சாதாரண ஆபத்து, இடைப்பட்ட ஒரு குறுகிய அளவில் இருக்கும்போதுதான் ஆபத்து பல மடங்கு என்று காட்டியது. கைக்குழந்தைகளிடம் ஹால்ஸ்டெட் ஊகித்த அதே விஷயம், இந்த முறை எண்களோடு. ஆனால் ஒன்று: ஏற்கெனவே டெங்கு வந்தவர் என்றால் அடுத்த காய்ச்சலின்போது மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், சர்க்கரை நோயாளிகள் விஷயத்திலும் காய்ச்சல் விடுகிற நாளில் வீட்டில் உட்கார்ந்து யோசிக்க வேண்டாம்.

கோவிடில் உதவிய ஸ்டீராய்டு டெங்குவிலும் உதவுமே என்று தோன்றுவது இயல்பு. செய்து பார்த்தார்கள், இதுவரை நடந்த ஆய்வுகளில் பலன் தெரியவில்லை. எதிர்ப்பு மண்டலம் மிகையாகப் போகிறது என்ற ஒரே வரியில் இரண்டையும் அடக்கிவிட முடியாது. எந்தச் செல், எந்தப் பொருள், எந்த நாள் என்பதெல்லாம் வைரஸுக்கு வைரஸ் மாறுகிறது.

தடுப்பூசி செய்கிறவர்களுக்கு இது பெரிய தலைவலி. மற்ற வைரஸ்களுக்கு அரைகுறைப் பாதுகாப்பு தரும் தடுப்பூசி என்றால் ஏதோ கொஞ்சமாவது லாபம். டெங்குவில் அரைகுறைப் பாதுகாப்பே ஆபத்தாகலாம். 2016ல் பிலிப்பைன்ஸ் அரசு டெங்வாக்ஸியா தடுப்பூசியைப் பள்ளிக் குழந்தைகளுக்குப் போட ஆரம்பித்து, எட்டு லட்சம் குழந்தைகளுக்கு மேல் போட்டபிறகு, 2017 நவம்பரில் தயாரிப்பாளரான சனோஃபியே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: முன்பு டெங்கு வராதவர்களுக்கு இந்த ஊசி போட்டால், பிற்பாடு டெங்கு வரும்போது தீவிரமாகும் வாய்ப்பு கூடுகிறது. முன்பு வந்தவர்களுக்கோ அது நன்றாகவே பாதுகாத்தது. முதல்முறை ஊசி போட்டுக்கொண்ட, டெங்குவே காணாத குழந்தைக்கு அந்த ஊசி முதல் தொற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது, அடுத்து நிஜமாக வந்த டெங்கு இரண்டாவது தொற்றாக வேலை செய்தது. திட்டம் உடனே நிறுத்தப்பட்டது, விசாரணை, வழக்கு என்று போய், அந்த நாட்டில் தட்டம்மை தடுப்பூசி மீதும் பெற்றோருக்கு நம்பிக்கை குறைந்தது.

இந்தியாவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரும் பனேசியா பயோடெக் நிறுவனமும் சேர்ந்து டெங்கிஆல் என்ற, நான்கு வகைக்கும் சேர்த்து ஒரே ஊசியாகப் போடும் தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனையை 2024 ஆகஸ்டில் தொடங்கின. 10,000க்கும் மேற்பட்ட பெரியவர்களுக்குப் போட்டு இரண்டு வருஷம் கவனிக்கும் திட்டம். முடிவு வரும்போது செய்தியில் பெரிதாகப் போடப்போவது மொத்தமாக எத்தனை சதவீதம் பாதுகாப்பு என்ற எண்ணைத்தான். நான் தேடப்போவது உள்ளே இருக்கும் ஒரு சின்ன அட்டவணையை: ஊசி போடுவதற்கு முன் டெங்குவே வராதவர்களுக்கு, நான்கு வகையிலும் தனித்தனியாக, என்ன ஆயிற்று என்று.